அல்லிமேடு யார் வைத்த பெயர்?

வரைபடத்தின் மேல்மூலையில் சிவப்பு மையில் ‘சீக்ரெட்’ என்று முத்திரை. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு மரியாதை! போன மாதம் அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கழித்தபோது என் கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தவள் அதை என் மேஜைக்கே எடுத்து வந்துவிட்டேன்.

அதை வரைந்தவர் எங்கள் டிராயிங் செக்‌ஷனின் சீனியர். லாலாகுடா ரயில்வே காலனித் தமிழர், நான் அண்ணா என்றே கூப்பிடுவேன். நாச்சாரம் பக்கத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலை ராணுவத்துக்குக் கருவிகள் செய்தது. நாளெல்லாம் எண்களும் கோடுகளும்தான். சாப்பாட்டு வேளையில் மட்டும், தான் எழுதப்போகும் கதைக்காக அவர் ஒரு நாட்டை வரைவார். அதன் ஊர்களுக்கு இருவரும் பெயர் வைப்போம். ‘பேரு வச்சுட்டா போதும்மா, ஜனங்க தானா குடி வந்துடுவாங்க’ என்பார். நான் ‘அல்லிமேடு’ என்றதும் சிரித்துவிட்டார். ‘நக்கோம்மா, வேணாம், மேட்டுல ஏது அல்லி?’

‘நம்ம நாடுதானே அண்ணா, இருக்கட்டுமே’ என்றேன். மறுபேச்சில்லாமல் மேட்டின் உச்சியில் ஒரு குளம் வரைந்து கொடுத்தார்.

ஒரு மாலை கேட்டில் அவர் பையைச் சோதித்த காவலர் அந்தத் தாளைப் பிரித்தார். கோட்டை, பாலம், வெடிமருந்துக் கிடங்கு. ‘யே கிதர் ஹை?’ இது எங்கே இருக்கிறது என்று கேட்டால் அண்ணா என்ன சொல்வார்? எங்கேயும் இல்லை என்றார். யார் நம்புவார்கள்?

மறுநாள் விசாரணை. என்னையும் அழைத்தார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதிகாரி தாளை நீட்டி, இந்தப் பெயர்களைப் பற்றித் தெரியுமா என்றார். கதைக்காக நாங்கள் வைத்தவை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ‘தெரியாது சார்’ என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் திக்கென்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தாள் என் மேஜையில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரின் பக்கத்திலும் ‘நான் வைத்த பெயர்’ என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அல்லிமேட்டுக் குளத்தருகிலும் அவர் கையெழுத்துதான். கீழே, ‘இந்தப் பெயர்கள் வேறு எவருக்கும் தெரியாது’ என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறது: காலை பத்தரை.

என்னைக் கூப்பிட்டது அன்று மதியம் இரண்டு மணிக்கு.