செத்த வீட்டுக்கு ஒரு பக்கம்

என் மகளுக்கு வயது பத்தொன்பது. ஓட்டிசம் உள்ளவள். ஒருவரோடு எப்படிக் கதைப்பது, எங்கே பார்ப்பது, எப்போது கதையை நிறுத்துவது என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தானாக வரும். அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்வாள்.

இதற்கென்றே ஆங்கிலத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் என் பள்ளிச் சிநேகிதி மூன்று அனுப்பியிருந்தாள். நல்ல தாள், அழகான படங்கள். ஆனால் அதில் வரும் பிள்ளைகள் பனியில் நடக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே நேரம் கேட்கிறார்கள். எவரிடமிருந்தும் ஒரு கை தூரம் தள்ளி நில் என்கிறது ஒரு பக்கம். அதை எழுதியவரைக் காலை எட்டு மணிக்குச் சனம் நெரியும் கொழும்புக் காலி வீதி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதனால் நானே எழுதத் தொடங்கினேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து, பக்கத்துக்கு நாலு வரி, ஒரு படம். கீழே இருக்கும் போட்டோக்கொப்பிக் கடையில் லமினேட் செய்து புத்தகமாகக் கட்டி வாங்குவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்லாமலிருப்பது. கலியாணம் எப்போது என்று கேட்கும் ஆன்ரிமாரிடம் சிரித்துவிட்டு நகர்வது. விடைபெறும் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ‘வெளிக்கிடும்போது ஒவ்வொருவரிடமும் போ. முகத்தைப் பார். போயிட்டு வாறன் என்று சொல். பதில் வராவிட்டால் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்.’

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் அண்ணா வீட்டில்தான் ஒத்திகை. அண்ணியின் தகப்பனும் அவர்களோடு இருந்தார். மற்றவர்கள் டிவியைப் பார்த்தபடி தலையாட்டுவார்கள். அவர் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஓம் பிள்ளை, போயிட்டு வாங்கோ” என்பார். அவரிடம் அவள் இரண்டாம் முறை சொல்ல நேர்ந்ததே இல்லை.

அந்த வீடு எனக்கு வேறொன்றுக்கும் வேண்டியிருந்தது. கணவர் இல்லை. எனக்குச் சீனி வருத்தம். போன வருடம் நெஞ்சிலும் ஒப்பரேஷன் செய்துவிட்டார்கள். எனக்குப் பிறகு இவளுக்கு யார்? ஒரு ஞாயிறு பஸ் ஹோல்ட் வரை கூட வந்த அண்ணா, “நீ ஒண்டுக்கும் யோசிக்காத. நாங்க இருக்கிறம்தானே” என்றார். அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நான் நித்திரை கொண்டேன்.

அண்ணியின் தகப்பன் திடீரென்று மோசம் போனார். ஹோலின் நடுவில் பெட்டி. செத்த வீட்டில் யாரும் வாங்கோ என்று அழைப்பதில்லை. புறப்படும்போது போயிட்டு வாறன் என்று சொல்வதும் இல்லை. சொன்னால் இன்னொரு சாவுக்குத் திரும்பி வருவதாக ஆகிவிடும். சத்தமில்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. அதனால்தானோ என்னவோ, எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். மகள் உள்ளே, அழுதுகொண்டிருந்த அண்ணியின் முன்னால் நின்றாள்.

“மாமி, போயிட்டு வாறன்.”

பதில் இல்லை. இன்னொரு முறை சொன்னாள். அழுகை நின்றுவிட்டது. பிறகு பெட்டியடிக்குப் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

“தாத்தா, போயிட்டு வாறன்.”

காத்திருந்தாள். திரும்பவும் சொன்னாள். அவர் பேசாமல் இருப்பதை அவளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மூன்றாம் முறைக்கு நான் எழுதிய பக்கத்தில் வரி இல்லை. என்ன செய்வது என்று என்னைப் பார்த்தாள்.

“ஐயோ, ஆராவது இந்தப் பிள்ளையை வெளியில கொண்டு போங்கோ!” என்று ஒரு மனிசி கத்தினாள். நான் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவளால் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். பிழை எழுதினவளுடையது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அண்ணி போன் எடுத்தாள். “உங்களைக் குறை சொல்லேல்லை. ஆனா பிள்ளையை இனி இஞ்ச கூட்டிக்கொண்டு வராதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.” பக்கத்தில் அண்ணா செருமுவது கேட்டது. போனை வாங்கி ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். வாங்கவில்லை.

போன கிழமை புதுப் பக்கத்தை எழுதி முடித்தேன். ‘செத்த வீட்டில் யாரிடமும் போயிட்டு வாறன் சொல்லக்கூடாது. இறந்தவருக்கும் சொல்லக்கூடாது. பேசாமல் வெளியே போக வேண்டும்.’ அவள் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தாள்.

“அம்மா செத்தாலும் சொல்லக்கூடாதா?”

“ஓம். சொல்லக்கூடாது.”

“பேசாம வெளியில போகோணும்.”

“ஓம்.”

“எங்க போறது?”

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவள் காத்திருந்தாள். பதில் வரவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, கிட்ட வந்து, என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேட்டாள்.

“அம்மா, எங்க போறது?”