மாத்திரையும் கொய்யாக்காயும்

எனக்கு இப்ப ஆறாவது மாசம். இன்னைக்குக் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ல உக்காந்துக்கினு, இரும்புச்சத்து மாத்திரைய முழுங்கிட்டு ஒரு கொய்யாக்காயைக் கடிச்சேன்.

பக்கத்து சீட்டு அக்கா பதறிட்டாங்க. "இன்னாம்மா, வவுத்துல புள்ளைய வச்சிக்கினு கொய்யாக்கா துன்ற? புள்ளைக்கு சளி கட்டும். மாத்திரைய டீயோட போடு. நாங்கல்லாம் அப்படித்தான் போட்டோம்."

நானும் ரெண்டு மாசமா அப்படித்தான் போட்டேன். ரத்தம் ஏறவே இல்ல.

காலையில செக்கப்புல நர்ஸம்மா திட்டுனத அப்படியே அவங்ககிட்ட சொன்னேன். "டீயோட போட்டா சத்து உடம்புல சேராது. கொய்யா, நெல்லிக்கா துன்னு. அதுல இருக்கிற வைட்டமின் 'சி'தான் இரும்புச்சத்த உள்ள இழுக்கும்."

"அந்த நர்ஸு புள்ள பெத்துக்கீதா?"ன்னு முன் சீட்டுப் பெரியவர் திரும்பிக் கேட்டார்.

"நீங்க பெத்தீங்களா, தாத்தா?"

அதுக்கப்புறம் அவர் திரும்பவே இல்ல. அக்கா மட்டும் என் வாயையே பாத்துக்கினு வந்தாங்க. அவங்களுக்காகவே இன்னொரு கொய்யாக்காயும் துன்னேன்.

புள்ளைக்கு சளி புடிச்சா மூக்கைச் சிந்தி விடலாம். பிரசவத்துல ரத்தம் பத்தலன்னா, 'அவசரமா ரத்தம் தேவை'ன்னு எனக்காக நீங்கதான் ஸ்டேட்டஸ் வைக்கணும்.

எது பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க.