கோட்டோரத்து மயில்சாமி

சிங்காநல்லூரில் பம்பு உதிரிபாகம் வார்க்கும் பவுண்டரி ஒன்றை அண்ணனும் தம்பியுமாக நடத்திவந்தார்கள். அண்ணன் வெங்கடபதிக்குத் தொழிலைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. தம்பி மயில்சாமிக்கோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பவுண்டரி எந்தத் திசையில் இருக்கிறதென்றே மறந்துபோகும். கறுப்புச் சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, எங்கே மில் அணிகள் கால்பந்தில் மோதுகின்றனவோ அங்கே போய் நின்றுவிடுவார். ஒருகாலத்தில் அவரும் மில் அணிக்கு ஆடியவர்தான். முழங்கால் போனபிறகு நடுவரானார். வாராவாரம் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் வசவு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

படிப்படியாக மாவட்டம், மாநிலம், அகில இந்தியா என்று தேர்வுகளைத் தாண்டினார். ஓட்டத் தேர்வில் ஒருமுறை தோற்று, மறுவருடமே அதே மைதானத்தில் ஓடித் தேறினார். 1993இல் அவருக்கு நாற்பத்தோரு வயது. உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், வளைகுடா நாடொன்றில் நடக்கும் ஒரு பிரிவின் ஆட்டங்களுக்கு லைன்ஸ்மேனாக அவரை அழைத்திருந்தார்கள்.

"உலகக் கோப்பையா? நீ போயி ஆடப்போறியா?" என்றார் வெங்கடபதி.

"ஆடறதுக்கில்லீங்ண்ணா. கோட்டோரமா ஓடிக் கொடி காட்டறதுக்கு."

"கொடி காட்டறதுக்கா இத்தனை தூரம்? ரயில்வேல சேர்ந்திருந்தா ஊட்டுப் பக்கத்துலயே காட்டியிருக்கலாமல்ல!"

பவுண்டரியே சிரித்தது. மயில்சாமியும் சிரித்துக்கொண்டே விமானம் ஏறினார்.

பிரிவில் நான்கு நாடுகள். எல்லா ஆட்டங்களும் ஒரே ஊரில். முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும்தான் அடுத்த சுற்று. மயில்சாமிக்கு முதலில் கிடைத்தது, சிவப்புச் சட்டைக்காரர்களான ஒரு சின்ன நாட்டுக்கும் பச்சைச் சட்டைக்காரர்களுக்கும் நடந்த ஆட்டம். ஒருவரும் கோல் போடாமல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், சிவப்பு அணியின் முன்னாட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து வந்த பந்தை வாங்கி வலைக்குள் அடித்தான். அதற்குள் மயில்சாமியின் கொடி மேலே போய்விட்டது. ஆஃப்சைடு; பந்து கிளம்பும்போதே அவன் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றான் என்று அர்த்தம். கோல் செல்லாது. ஆட்டம் சமனில் முடிந்தது.

அன்று சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறை டிவியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பந்து கிளம்பிய நொடியில் அந்த ஆட்டக்காரன் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்குச் சரிசமமாகத்தான் நின்றிருந்தான். சரிசமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லையென்று விதி மாறி மூன்று வருடமாகிறது. மயில்சாமிக்கு அது தெரியாததல்ல. ஒரு தப்படி பின்தங்கி நின்றதால் கோணம் அவரை ஏமாற்றிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்ற நாட்டு நடுவர்கள் காப்பிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்துபோய் ஊருக்குப் போன் போட்டார்.

மனைவி தெய்வாத்தாள் எடுத்தாள்.

"ஏனுங்க, குரலே செரியில்லையே. ஒடம்புக்கு என்னங்க?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல அம்மணி. நல்ல கோலக் கெடுத்துப்போட்டேன். ஆஃப்சைடே இல்ல. இங்க டிவில எல்லாரும் பாத்துட்டாங்க."



"அந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா?"

"எந்தப் பையன்?"

"கோலு போட்டவன்கிட்டத்தானுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்?"

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் சிவப்பு அணியினர் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மயில்சாமி நேராகப் போய் அந்த ஆட்டக்காரன் முன்னால் நின்றார். "நேற்று நீ போட்டது கோல்தான். தப்பு என்னுடையது" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கை கொடுக்கவில்லை. திரும்பவும் தட்டில் இருந்த முட்டையைச் சாப்பிட ஆரம்பித்தான். மயில்சாமி இன்னும் கொஞ்சநேரம் நின்றுபார்த்துவிட்டுத் தன் மேசைக்கு வந்தார். அவன்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் தட்டையே தூக்கி எறிந்திருக்கக்கூடும் என்று தோன்றியது.

ஆட்டக் கண்காணிப்பாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கடைசி நாள் ஆட்டத்துக்கும் மயில்சாமியைத்தான் போட்டிருந்தது. சொந்த மண்ணில் ஆடும் வெள்ளைச் சட்டை அணிக்கும் பச்சை அணிக்கும் போட்டி. வெள்ளை அணி ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. சமன் ஆனாலே பச்சை அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

"அறுபதாயிரம் பேர் வருவார்கள். வேண்டுமானால் உங்களுக்குப் பதிலாக வேறு ஆள் போடுகிறேன். உடம்பு சரியில்லையென்று சொல்லிக்கொள்ளலாம்."

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நானே நிற்கிறேன்" என்றார் மயில்சாமி.

அன்றிலிருந்து ஓட்டலுக்குப் பின்னாலிருந்த வெற்றுத்திடல்தான் அவருக்கு வீடு. கடைசி ஆட்டத்தின் நடுவரான சிங்கப்பூர்க்காரர் லிம்மையும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போவார். லிம் தடுப்பாட்டக்காரன் மாதிரி முன்னும் பின்னும் ஓடவேண்டும். அவருக்கு நேர்கோட்டில் மயில்சாமி பக்கவாட்டாக ஓடவேண்டும். லிம் சட்டென்று நிற்பார். மயில்சாமியும் நிற்பார். தப்படி பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. பழைய முழங்கால் வீங்கியது. ஐஸ்கட்டியை வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு மறுபடியும் ஓடினார்.

"போதும் சாமி. மேட்சுக்கு முன்னாடி எனக்கே கால் போய்விடும்" என்று லிம் புல்லில் படுத்துவிட்டார்.

ஆனால் மயில்சாமிக்குள் வேறொரு பயம் இருந்தது. அதை லிம்மிடம் சொல்லவில்லை. ஒருமுறை தப்பாகத் தூக்கிய கை, அடுத்தமுறை தூக்கவேண்டிய இடத்தில் தூக்க மறுத்துவிட்டால்?

கடைசி நாள் மைதானத்தில் எள் போட இடமில்லை. முரசுச் சத்தத்தில் லிம்மின் விசில்கூடச் சில சமயம் கேட்கவில்லை. இரண்டாம் பாதி முழுக்க வெள்ளை அணி தாக்கிக்கொண்டே இருந்தது. பச்சை அணி சுவர்மாதிரி நின்றது. ஆட்டம் முடிய மிகக் கொஞ்ச நேரமே இருந்தபோது நடுக்களத்திலிருந்து ஒரு பந்து கிளம்பியது. மயில்சாமி கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கு நேர்கோட்டில் நின்றார். இம்முறை தப்படி பிசகவில்லை. பந்து காலைவிட்ட அந்த நொடியில் வெள்ளைச் சட்டை ஒன்று அரை உடம்பு முன்னால் இருந்ததை அவர் கண்ணால் பார்த்தார். பந்து வலைக்குள் போனது. மைதானமே எழுந்து அலறியது.

கொடி மேலேதான் இருந்தது.

அலறல் வசவாக மாறச் சிறிது நேரம் பிடித்தது. பின்னாலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. ஒன்று முதுகில் விழுந்தது. வெள்ளை அணியினர் அவரைச் சூழ்ந்துகொண்டு முகத்துக்கு நேரே கத்தினார்கள். மயில்சாமி திரும்பவில்லை, பின்வாங்கவில்லை, கொடியை இறக்கவுமில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு லிம் ஓடிவந்தார்.

"சந்தேகமே இல்லையா?"

"இல்லை. முன்னால்தான் நின்றான்."

லிம் அவர் கண்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, பச்சை அணிக்கு ஃப்ரீகிக் என்று கை காட்டினார். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. பச்சை அணி அடுத்த சுற்றுக்குப் போனது. நடுவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் வீடியோவைப் போட்டு, அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.  அரை உடம்பு. தெளிவாகத் தெரிந்தது. "சரியான இடத்தில் நின்றிருக்கிறீர்கள்" என்றார் கண்காணிப்பாளர்.  சிவப்பு அணி இரண்டு நாள் முன்பே ஊருக்குக் கிளம்பியிருந்தது. முதல் ஆட்டத்தில் அந்தக் கோல் செல்லுபடியாகியிருந்தால் அவர்களும் கடைசிவரை போட்டியில் இருந்திருப்பார்கள். இந்த ஆட்டம் சரியாகப் போனதால் அது சரியாகிவிடாது என்று மயில்சாமிக்குத் தெரியும்.

ஊரில் அந்த ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. டிவியில் போடவில்லை. மயில்சாமி வீடு திரும்பிச் சொன்னதைத் தெய்வாத்தாள் மட்டும் முழுக்கக் கேட்டாள்.

"அத்தனை பேரு கத்தறப்ப கை நடுங்குலீங்களா?"

"நடுங்காம? நல்லாத்தான் நடுங்குச்சு. காத்துல கொடி ஆடுதுன்னு நெனச்சிருப்பாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வருடமும் அவருக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தது, இளையோர் தகுதிச் சுற்றுக்கு. முழங்கால் ஒத்துழைக்காது என்றார் டாக்டர். ஆனாலும் அதிகாலையில் குளத்துக் கரையில் முழங்காலில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டாக ஓடும் ஆளைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெங்கடபதி சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர், "என்னடா, நண்டு மாதிரி ஓடறே?" என்றார்.

"இப்படித்தானுங்ண்ணா ஓடோணும்" என்று சொல்லிவிட்டு மயில்சாமி நிற்காமல் ஓடினார்.