வேன்காரம்மாவும் மிதக்கும் பெரணியும்

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதால் தெருவில் எல்லாருக்கும் அவள் வேன்காரம்மா. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம்வரை வேலை இல்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள குளத்தோரம் வண்டியை நிறுத்தி, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, சீட்டில் காலை நீட்டிக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் அச்சகத்தில் இரவு வேலை பார்க்கும் கணவர் தூங்கிக்கொண்டிருப்பார். புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட நாத்தனாரோ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். குளக்கரை எவ்வளவோ தேவலை.

அந்த வருடம் குளத்தில் ஒரு பச்சை படர்ந்தது. முதலில் படித்துறை மூலையில் ஒரு பாய் அகலம். மழை விட்டபோது பாதிக் குளத்தை மூடியிருந்தது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதைப் புல்தரை என்றார்கள். சலூன்காரரின் நாயும் அப்படித்தான் நினைத்தது போலும். ஒருநாள் காலையில் காக்கையைத் துரத்திக்கொண்டு வந்து, அதே வேகத்தில் பச்சையின்மேல் கால்வைத்தது. மறுநொடி நாயைக் காணோம்.

வேன்காரம்மா சேலையோடு இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீர். விலக்கிவிட்ட இடமெல்லாம் கண்ணெதிரே மூடிக்கொண்டது. கையால் துழாவி, ஒருவழியாகப் பிடரியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். நாய் அவள் முகத்தில் தண்ணீரை உதறிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது.

"இதுதான் நன்றியுள்ள பிராணியாம்!" என்று கத்தினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நாய்க்குப் பதில் தன் வேன் பிள்ளைகளில் ஒன்று?

ஈரச் சேலையோடு ஒரு கைப்பிடி செடியை அள்ளிப்போய்ப் பள்ளியின் தாவரவியல் டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் இலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். நுண்ணிய மயிர்கள்மேல் சொட்டு முத்தாக நின்றது.

"பாசி இல்லம்மா. மிதக்கிற பெரணி, ஃபெர்ன்னு சொல்வாங்களே அது. வெளிநாட்டுலேருந்து தொட்டியில வளக்கக் கொண்டுவந்தது. இது மூடிட்டா அடித் தண்ணிக்கு வெளிச்சமும் கெடையாது, காத்தும் கெடையாது."

"மருந்தடிச்சுடலாமா?"

"மொத்தமா செத்து அடியில அழுகும். மீனெல்லாம் மூச்சுமுட்டிப் போயிடும். கையாலதான் அள்ளணும். ஒரு துண்டு தப்பிச்சாலும் அது பாட்டுக்குத் தனிக்குடித்தனம் நடத்தும்."

மதியம் பிள்ளைகளைக் கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், அந்தச் செடியைக் கிண்ணத்தோடு சமையல் மேடையில் வைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் குழாயை நிறுத்தினாள்.

"இது ஏது அண்ணி?"

"குளத்துல மண்டிக் கெடக்கு. துண்டு துணுக்கு தப்பிக்காம கையாலதான் அள்ளணுமாம், டீச்சர் சொன்னாங்க. எந்தப் புண்ணியவான் கொண்டுவந்து விட்டானோ."

நாத்தனார் கிண்ணத்தின்மேல் குனிந்தாள். "அது எங்க வீட்டுச் செடி," என்றாள். "அவர் மாடியில சிமெண்ட் தொட்டியில வளத்தது. வீட்டைக் காலி பண்றப்ப வீட்டுக்காரங்க தொட்டியைக் காலி பண்ணச் சொன்னாங்க. உசிரோட இருக்கிறத எப்படி அண்ணி குப்பையில கொட்டுறது? வாளியில எடுத்துட்டு வந்து, இங்க வந்த அன்னிக்கே குளத்துல விட்டேன். எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு."

வேன்காரம்மாவுக்குச் சூடாக ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாத்தனாரின் கையில் நுரை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நாம நெனச்சதவிட நல்லாவே இருக்கு."

நாத்தனார் சிரிக்கவில்லை. மாலை முழுவதும் அறையைவிட்டு வெளியே வரவும் இல்லை. மறுநாள் வேன்காரம்மா வண்டியைக் கிளப்பப் போனால், பழைய சேலையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாவுச் சல்லடை.

"துண்டு துணுக்கு தப்பிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே," என்றாள்.

நைலான் கயிற்றில் காலிப் பாட்டில்களைக் கோத்து மிதக்கவிட்டு, காற்று ஒதுக்கித் தந்த பச்சையை வளைத்துக் கரைக்கு இழுத்தார்கள். பால்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பெட்டிகளில் அள்ளி, கரையிலிருந்து தள்ளியிருந்த சிமெண்ட் தரையில் கொட்டினார்கள். நாத்தனார் அந்தக் குவியலைவிட்டு நகரவில்லை. வேருக்குள் துள்ளிய மீன் குஞ்சுகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

"இப்படிப் பொறுக்கிக்கிட்டிருந்தா விடிஞ்ச மாதிரிதான்."

"அதுங்க என்ன பண்ணுச்சு, பாவம்?"

வேன்காரம்மா அடுத்த பெட்டியைத் தூக்கிவந்து அவள் பக்கத்தில் கொட்டினாள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. சலூன்காரர் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். டீச்சர் வகுப்பில்லாத நேரங்களில் வந்தார். கோடை தொடங்கியபோது நடுக்குளத்தில் வானம் தெரிந்தது.

ஆனால் குளம் முழுக்கச் சுத்தமான அதே வாரம், நாணல் அடியில் மூன்று இலைகள் மறுபடி தலைகாட்டின. வேன்காரம்மா சோர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார்தான் குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ரொம்பநேரம் பார்த்தாள்.

"அண்ணி, இப்பத்தான் ஞாபகம் வருது. ஞாயித்துக்கெழமையானா அவரே இதைப் பாதி அள்ளி வெளியில போட்டுடுவாரு. இல்லன்னா தொட்டி நெறஞ்சு மீனுக்கு மூச்சு முட்டும்னு. நான்தான் ஐயோ பாவம்னு சண்டை போடுவேன்."

"அவர் என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அள்ளினத என் கண்ணுல படாம தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி காயவைப்பாரு."

சொல்லிவிட்டு, அந்த மூன்று இலைகளையும் கொண்டுபோய் வெயிலில் கிடந்த ஒரு கல்மேல் தனித்தனியாக வைத்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, மிச்சக் கரையையும் பார்த்துவரக் கிளம்பினாள். வேன்காரம்மாவும் எழுந்து கூட நடந்தாள்.