அரிசி கழுவின தண்ணீர்

கண்டிக்குத் துணிக்கடை வேலைக்கு வந்தபோது, ரோட்டுக்குக் கீழே இருந்த அறைதான் எனக்குக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் குழி. அண்ணாந்தால் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அந்தக் குழியில் ஒரு தயிர்ச்சட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். தண்ணீர் ஊற்றப் பாதி நாள் மறந்துபோகும். அப்படியும் தளதளவென்று வளர்ந்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு லீவு நாளில் மேலிருந்து கலங்கல் தண்ணீர் கொட்டி, ஜன்னலெல்லாம் தெறித்தது. மேல்வீட்டு அக்கா!

"இது என்ன, அழுக்குத் தண்ணி ஊத்துற சாக்கடைக் கானா?" என்று கத்தினேன்.

அவர் கையில் சட்டியோடு எட்டிப் பார்த்தார். "கோவிக்காதீங்க தங்கச்சி, இனிமே ஊத்தல."

இரண்டு வாரத்தில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. அப்போதுதான் சட்டியைக் கிட்டத்தில் பார்த்தேன். மண்ணில் அங்கங்கே அரிசிமணிகள். நான் வேலைக்குப் போனபின், சோறாக்க அரிசி கழுவிய தண்ணீரை அவர் தினமும் என் செடிக்கு ஊற்றியிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் மகளோடு தங்கப் போய்விட்டாராம்.

மிஞ்சிய குச்சிக்கு இப்போது நானே ஊற்றுகிறேன். ஒரு ஆளுக்குக் கழுவும் அரிசியில் எவ்வளவு தண்ணீர் வரும்? மேல்மண்தான் நனைகிறது.