காசியில் விட்ட இலை

என் அத்திம்பேர் பத்மநாபனுக்கு எதிரி என்று யாரும் கிடையாது. அவருக்குக் காபி கொடுத்த நாலைந்து பேர் மட்டும் பிற்பாடு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் உண்மையைச் சொல்லிவிடுவார். "சிக்கரி ஜாஸ்தி" என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "பால் நேத்திக்கு வாங்கினதோ?" என்று அவர் அக்கறையாக விசாரிக்கும்போது அந்த வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாது. என் கல்யாணத்திலேயே இதைச் செய்தார். என் மாமனார் இன்னும் மறக்கவில்லை, நானும்தான்.

சொந்த ஊர் மன்னார்குடி. இருபத்தைந்து வயதில் ஹைதராபாத் வந்து, மௌலா அலி பக்கம் ஒரு மத்திய அரசு ஆலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். டீ குடிக்காமல் ஒரு காரியமும் நடக்காத ஊரில் அத்தனை வருஷமும் ஒரு வாய் டீ அவர் குடித்ததில்லை. ஆபீஸுக்கு ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துப்போவார். டீயைப் பற்றிக் கேட்டால் "வெந்நீருக்குச் சாயம்" என்பார். ஈரானி ஹோட்டலைத் தாண்டும்போது நடை கொஞ்சம் வேகமாகும்.

ஓய்வு பெற்ற கையோடு என் அக்கா கனகத்தை அழைத்துக்கொண்டு காசிக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் தூக்கியது நான்தான். காசிக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட்டுவிட்டு வரவேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக்கூடாது. பிடித்ததை விடவேண்டும் என்பதுதான் இதில் விசேஷம். அக்கா கத்தரிக்காயை விட்டாள். எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் உயிரை விடுகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே விட்டாள். அத்திம்பேர் நூல்கோலை விட்டார். பழத்தில் அத்திப்பழம். இலை என்ன என்று சங்கல்பம் செய்துவைத்த வாத்தியார் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், "தேயிலை" என்றார்.

வாத்தியார் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மற்றவர்கள் ஆலிலை, அரசிலை என்று எதையோ சொல்லித் தப்பிக்கிறவர்கள்தான், ஆனால் அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும். இவர் திரும்பி வருகிற ரயிலில் எதிர் சீட்டுக்காரர் வரைக்கும் பெருமையடித்துக்கொண்டார். "கறிவேப்பிலையும் பத்திரம், வெற்றிலையும் பத்திரம். எப்படி?"

வந்து நாலு மாதத்தில் அவர் பெண் ரக்ஷிதா, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபோது பழகிய மனோஜைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்றாள். தமிழ்ப் பையன்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். சாதி வேறு. அத்திம்பேர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, "பையன் நல்லவனா இருந்தா சரி" என்றார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகுதான் பையனின் அப்பா நாராயணஸ்வாமிக்கு என்ன தொழில் என்று கேட்டார்.

"மூணு தலைமுறையா டீத்தூள் வியாபாரம்" என்றாள் ரக்ஷிதா.

பேச்சுவார்த்தைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவிலேயே அக்காவுக்கு உதறல். "அவா ஆத்துல எதைக் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ. நம்ம கையால கொடுத்ததைத் தொடமாட்டா போலிருக்குன்னு நினைச்சுடுவா. அதோட போச்சு."

"டீயை எப்படிடீ குடிக்கறது? காசியில விட்டாச்சே."

"அதையும் சொல்லப்படாது. டீ வியாபாரி ஆத்துல போய், எனக்கு வேண்டாததுன்னு விட்டேன்னு சொல்லுவேளா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

அக்கா ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னாள். ரக்ஷிதா ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கீழே கடை, மேலே வீடு. நாராயணஸ்வாமி பெரிய சரீரம், பெரிய குரல். "ஆவோ சார், வாங்க வாங்க" என்று கைப்பிடித்து உட்காரவைத்தார். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு வரிசையாக ஐந்து டீ கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கமாம். முதலில் பால் சேர்க்காத டார்ஜிலிங் வந்தது. அவர் கரண்டியில் எடுத்து உர்ரென்று உறிஞ்சிக் காட்டினார். தொழில்காரர்கள் அப்படித்தான் ருசி பார்ப்பார்களாம். அவர் கண்ணை மூடி ரசித்த நேரத்தில் அக்கா தன் கோப்பையை முடித்து, புருஷன் கோப்பையையும் முடித்தாள். அடுத்து நீலகிரி. அதிலும் இரண்டு. மூன்றாவதாகப் பால் விட்ட அஸ்ஸாம் வந்தபோது, சந்தேகம் தட்டிவிட்டது போலிருக்கிறது, நாராயணஸ்வாமி கண்ணை மூடவில்லை.

"சார், எடுத்துக்குங்க."

"இல்லை, நான் முதல்ல இந்தச் சமோசாவைப் பார்க்கறேன்" என்றார் அத்திம்பேர்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வெங்காயச் சமோசா. தீண்டாமை பார்க்கிறவர் என்ற பேர் வந்துவிடக்கூடாதே என்ற பயத்தில் பதினோரு சமோசா தின்றார். ஒஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் மென்று விக்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, யாரும் கொடுக்காமலே மிர்ச்சி பஜ்ஜியை எடுத்தார். ஹைதராபாத் மிளகாய் மன்னார்குடிக்காரன் என்று இரக்கம் காட்டாது. கண்ணில் தண்ணீர் வழிய இன்னொன்றையும் எடுத்தார். ரக்ஷிதாவைப் பார்த்தேன். அவளுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நாலாவது ஈரானி டீ. டிகாக்ஷனை மூடி வைத்துத் தணலில் மணிக்கணக்காக இறக்கி, பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சி, கடைசியில் சேர்ப்பார்கள். அதுவும் அப்படியே ஆறி ஆடை கட்டியது.

நாராயணஸ்வாமியின் குரல் இறங்கிவிட்டது. "கைக்கு சார், ஏன் இப்படி? சமோசா சாப்பிடுறீங்க, தண்ணி குடிக்கிறீங்க. டீ மட்டும் நக்கோ, வேணாங்கிறீங்க. சாதி பாக்குறவரா இருந்தாக்கூடப் பேசிப் பாக்கலாம். எங்க தாத்தா தலையில சுமந்து வித்த தொழில் இது. இதைக் கேவலமா நினைக்கிறவர் வீட்ல எப்படி சம்பந்தம் பண்றது?"

மனோஜ் தரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து அவன் அம்மா வசந்தகுமாரி ஐந்தாவது டீயைக் கொண்டுவந்து வைத்தார். மசாலா டீ. இஞ்சியை நசுக்கித் தண்ணீரில் முதலில் கொதிக்கவிட்டு, ஏலக்காய், லவங்கம், இரண்டு மிளகு தட்டிப்போட்டு, பிறகுதான் தூள், அதற்குப் பிறகு பால். வாயெல்லாம் எரிந்துகொண்டிருந்த அத்திம்பேரின் மூக்குக்கு நேரே அந்த ஆவி எழும்பியது.

"குடிங்கோ, பரிகாரம் பண்ணிக்கலாம்" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

அவர் கோப்பையைக் கையில் எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார். ஒரு வாய் குடித்தால் பெண் கல்யாணம் நடந்துவிடும், காசிக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தால் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். அவர் ஆழமாக ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நாராயணஸ்வாமி சார், நான் காசியில தேயிலையை விட்டுட்டேன்" என்றார்.

"அவ்வளவு பிடிக்குமா சார்?" நாராயணஸ்வாமியின் முகம் சட்டென்று மலர்ந்தது. அக்கா ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்தாள்.

"பிடிக்காது. குடிச்சதே இல்லை. விட்டா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லைன்னுதான் விட்டேன். பகவானை ஏமாத்திட்டதா ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேன்." கோப்பையை ஒரு தடவை பார்த்தார். "இப்ப இந்த வாசனையைப் பார்த்தா, எனக்கு இது வேணும் போலிருக்கு. ரொம்பவே வேணும் போலிருக்கு. அறுபது வயசுக்கு மேல இப்படி ஒரு ஆசை வரும்னு யார் கண்டா? ஆனா கொடுத்தது கொடுத்ததுதானே. என் பொண்ணுக்காகக் குடிச்சா அந்தப் பாவம் அவ கல்யாணத்துல வந்து விடியும். அதனால மாட்டேன். உங்களைக் கேவலமா நினைக்கலை. நான்தான் முட்டாள்."

நாராயணஸ்வாமி எழுந்து வந்து அந்தக் கோப்பையைத் தன் கையால் எடுத்து அத்திம்பேருக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

"நக்கோ சார். நீங்க தொடக்கூடாது. சாமிக்குக் கொடுத்ததை எங்க வீட்ல திருப்பி வாங்கிட்டாங்கன்னு பேரு வேண்டாம்." உள்ளே திரும்பி, "வசந்தா, சம்பந்திக்குக் காபி போடு" என்றார்.

சம்பந்தி என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா, ஏழு கோப்பை டீயின் பலத்தில், சத்தமாகவே அழுதாள். பத்து நிமிஷத்தில் காபி வந்தது. மூன்று தலைமுறையாகக் காபி போட்டே அறியாத வீடு. எப்போதோ வாங்கிக் கட்டிதட்டிப்போன பொடியைக் கரைத்து, டீ கொதித்த அதே பாத்திரத்தில் காய்ச்சி, கைப்பழக்கத்தில் ஒரு ஏலக்காயையும் தட்டிப்போட்டிருந்தார் வசந்தகுமாரி. எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததுமே ரக்ஷிதாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கைக்குட்டை கசங்கிப்போயிருந்தது.

அத்திம்பேர் நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வசந்தகுமாரி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "எப்படியிருக்குங்க?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றார் அத்திம்பேர். "இன்னும் அரை கப் கிடைக்குமா?"