எட்டாம் வாரக் கேள்வி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளில் மூன்று என்னுடையவை. எழுபத்தோரு வயதிலும் ஒரு வண்டியை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். லோடோடு ரிவர்ஸ் எடுப்பதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட என்னிடமிருந்துதான் மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். வயதாகிவிட்டதாம். சண்டை முற்றி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பெரம்பலூரில் ஒரு சென்டரில், நோய்நொடி இல்லாத பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி கொடுக்கிறார்கள். எட்டு வாரம்.

"மார்க் ஏறுனா சாவி உங்க கையிலப்பா. ஏறலைன்னா பேச்சே கிடையாது."

வாரா வாரம் தொடங்கும் முன், சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்பாள். "ஐயா, பழகின எடத்துல வழி தெரியாம எப்பவாச்சும் நின்னீங்களா?"

"நானா? கண்ணைக் கட்டி வுட்டாலும் செந்துறை போயிடுவேம்மா."

பொய். அதற்கு ஒரு மாதம் முன்புதான், அரியலூரிலிருந்து செந்துறைக்குப் போக வேண்டியவன், லோடோடு திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் போய் நின்றிருந்தேன். வீட்டில் டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டேன்.

திரையின் நடுவில் காரோ லாரியோ மின்னி மறையும். அதே நொடியில் ஓரத்தில் எங்காவது ஒரு ரோட்டுப் பலகை வந்து போகும். எந்த வண்டி, பலகை எந்த மூலை என்று மவுஸால் அமுக்கிக் காட்ட வேண்டும். முதல் வாரம் மவுஸை ஓங்கி ஓங்கி அமுக்கினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சிரித்தார்.

"ஓனரே, அதுல ஹாரன் கிடையாது. ஏன் இந்த அமுக்கு அமுக்குறீங்க?"

"நீங்க உங்க ரோட்டைப் பாருங்க சார்."

நாலாம் வாரமே அவரைத் தாண்டிவிட்டேன்.

எட்டாம் வாரம் மகனும் வந்து கதவோரம் நின்றான். பலகைகள் வந்தன, போயின. ஒன்றைக்கூட விடவில்லை.

"ஐயா, இந்த பேட்ச்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

ஹெட்மாஸ்டரே கை தட்டினார். மகன் பைக்குள் கை விட்டுச் சாவியை எடுத்தான். அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். "கடைசியா ஒரு தடவை கேட்டு எழுதிக்கிறேங்க ஐயா. வழி தெரியாம நின்னீங்களா?"

'இல்லை' என்பது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வழி தவறிய அன்றைக்கும் ரோட்டுப் பலகை ஒவ்வொன்றும் என் கண்ணில் பட்டதே! திருமானூர் என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேனே! எல்லாம் பார்த்தேன். அது என் வழி இல்லை என்பதுதான் தெரியவில்லை. என் வண்டிக்கு நேர் முன்னால் பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூட வேன் போய்க்கொண்டிருந்தது.

"நின்னேம்மா" என்றேன். "கொள்ளிடம் பாலத்துல."

"எப்பப்பா?" மகன் குரல் இறங்கிவிட்டது.

"பஞ்சர்னு சொன்னேனே, அன்னைக்கு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த மார்க்கை வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாதுங்க ஐயா. டாக்டர்தான் பாக்கணும். முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

மகன் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த அறையில் அத்தனை படித்தவர்கள் இருந்தார்கள். இப்படி வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவர்களில் ஒருவருக்கு வந்திருக்குமா?

டாக்டர் எப்போது வருவார் என்று நானே கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்றாள். மகன் எழுதிக்கொள்ளப் பேனா கேட்டான்.

"வேணாம்டா. எனக்கு ஞாபகம் இருக்கும்."

அவன் எழுதிக்கொண்டான்.